ஒரு தடவை மட்டும் சொல்பவர்

அவர் எதையும் ஒரு தடவைதான் சொல்வார். அதையும் மெதுவாகத்தான் சொல்வார். எதிரே இருப்பவர் காதில் விழுந்ததா, விழுந்தும் விழாத மாதிரி இருக்கிறாரா என்றெல்லாம் பார்க்க மாட்டார். சொல்லி முடித்ததும் குனிந்து தன் பையைத் திறந்து அடுத்த வேலையில் இறங்கிவிடுவார்.

ஓட்டல்களுக்கே போய் அங்கே செய்கிற சாப்பாட்டைப் படம் எடுத்துத் தருவது அவர் தொழில். அந்தப் படங்களை வைத்து மெனு கார்டும், வாசல் போர்டும், ஆன்லைனில் போடுகிற விளம்பரமும் செய்து கொடுப்பது என் தொழில். மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு மாடியில் எனக்குச் சின்ன ஆபீஸ் இருக்கிறது. ஓட்டல்காரர்களை நான் பிடித்துக்கொண்டு வருவேன், படத்துக்கு அவரைக் கூப்பிடுவேன். ஏழு வருஷம் அப்படி ஓடியது. அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நான் அவரை சார் என்பேன், அவரும் என்னை சார் என்றுதான் கூப்பிடுவார். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு. நெற்றியில் மெல்லிசாக ஒற்றைக் கோடு ஸ்ரீசூர்ணம். பூண்டு வாசனைகூட ஆகாத வீட்டில் பிறந்த அந்த மனிதர் திருச்சியில் எடுத்த படங்களில் பாதி மட்டனும் நண்டும்தான்.

முதன்முதலில் அவரை நான் கூட்டிக்கொண்டு போனது சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு பிரியாணிக் கடைக்கு. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் இவருடைய நெற்றியைப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக இழுத்தார்.

"என்ன சார், இவரைப் போய் மட்டன் எடுக்கக் கூட்டிட்டு வந்திருக்கீங்க? சங்கடப்பட மாட்டாரா?"

அது இவர் காதில் விழுந்துவிட்டது. சிரித்தார்.

"லென்ஸ் நூறு எம்.எம். பாய். நாலடி தள்ளி நின்னுண்டு எடுக்கலாம். எனக்கும் சௌகரியம், உங்க மட்டனுக்கும் சௌகரியம்."

மேஜை மேல் ஒரு வெள்ளைத் துண்டை விரித்து மூன்று லென்ஸை வரிசையாக வைத்தார். எந்தக் கடைக்குப் போனாலும் அப்படி வைத்துக் காட்டுவார். எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் என்ன எடுக்கப் போகிறோம் என்று கடைக்காரருக்குத் தெரிய வேண்டும் என்பது அவர் எண்ணம்.

"இது அம்பது. நாற்காலியில உட்கார்ந்தா தட்டு கண்ணுக்கு எப்படித் தெரியுமோ அப்படியே காட்டும். இது நூறு, மேக்ரோ. அரிசியை ஒண்ணொண்ணாக் காட்டும். இது வைடு. சின்ன இடத்துல நின்னு நிறைய காட்டறதுக்கு. தட்டுக்கு இது வேண்டாம்."

பாய்க்கு அந்த மூன்றாவதுதான் பிடித்தது. "இதுலயே எடுங்க சார். தட்டும் தெரியணும், பின்னால கடையும் முழுசாத் தெரியணும்."

"பக்கத்துல போய் வைடுல எடுத்தா முன்னாடி இருக்கற கறி ரொம்பப் பெருசாத் தெரியும். தட்டு முட்டை மாதிரி இழுத்துக்கும். வேண்டாமே பாய்."

"கறி பெருசாத் தெரிஞ்சா நல்லதுதானே?"

"சரி" என்றார். அந்த லென்ஸையே மாட்டி எடுத்துக் கொடுத்தார்.

பத்து நாளில் பாய் எனக்குப் போன் செய்தார். வருகிறவர்கள் எல்லாம் மெனு கார்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்களாம். படத்தில் கறித்துண்டு கை அகலம் இருக்கிறது, தட்டில் இரண்டு விரல் அகலம்கூட இல்லையே என்று ஒருவர் சண்டையே போட்டுவிட்டாராம். திரும்பப் போனோம். அவர் ஐம்பதை மாட்டிக்கொண்டு, சாப்பிட உட்காருகிறவர் கண் இருக்கும் உயரத்துக்கு முழங்காலை மடக்கி நின்று, ஆவி அடங்குவதற்குள் எடுத்து முடித்தார். 'நான் அன்னிக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. வெளியே வந்ததும் கேட்டேன்.

"அன்னைக்கே இன்னொரு தடவை அழுத்திச் சொல்லியிருந்தா இந்த அலைச்சல் இல்லையே சார்?"

"சொன்னேனே."

"ஒரு தடவை சொன்னீங்க. ரெண்டாவது தடவை?"

"ரெண்டாவது தடவை சொன்னா அது சண்டை சார். எனக்கு அது வராது."

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். படம் எடுத்து முடிந்ததும் எந்த ஓட்டலிலும் சாப்பிடச் சொல்வார்கள். "நான் வெளியில சாப்பிடறதில்லை" என்று ஒரு தடவை சொல்வார். விட்டுவிட்டால் சரி. கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டால், தட்டைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பரிமாறியவர் நகர்ந்ததும் நான் என் தட்டை ஒதுக்கிவிட்டு அவருடையதை என் பக்கம் இழுத்துக்கொள்வேன். பிறகு ஏதாவது மர நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த தயிர்சாதத்தைச் சாப்பிடும்வரை காத்திருப்பேன். சாப்பிட்டுக்கொண்டே, அன்றைக்கு எடுத்த மீன் வறுவலில் எண்ணெய் வழிந்ததைப் பற்றியோ, தோசையின் ஓரத்துக்கு வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வந்தால் மொறுமொறுப்பு தெரியும் என்பதைப் பற்றியோ பேசுவார். ருசி தெரியாத சாப்பாட்டைப் பற்றி இவ்வளவு மரியாதையாகப் பேசிய ஆளை நான் பார்த்ததில்லை.

சமையல்காரர்களுக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். தட்டைத் தொடுவதற்கு முன்னால் அவர்களைக் கேட்பார், "எந்தப் பக்கம் முன்னாடி வரணும், சொல்லுங்கோ" என்று. யாரும் அவர்களை அப்படிக் கேட்டிருக்க மாட்டார்கள். ஒரு பரோட்டா மாஸ்டர் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் வெட்கப்பட்டு, தட்டை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, "எல்லாப் பக்கமும் நல்லாத்தாங்க இருக்கும்" என்றது இன்னும் நினைவில் இருக்கிறது.

அவர் மனைவி என்னிடம் ஒரு நாள் சொன்ன விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஏதோ படங்கள் வாங்குவதற்காக ஸ்ரீரங்கத்துக்குப் போயிருந்தேன். அவர் குளித்துக்கொண்டிருந்தார். காபி கொடுத்துவிட்டு அந்த அம்மா நிலைப்படியில் நின்றபடி பேசினார்.

"உங்ககிட்டயும் இப்படித்தான் இருக்காரா?"

"எப்படிங்க?"

"ஒரு தடவை சொல்லிட்டு வாயை மூடிண்டுடறது."

நான் சிரித்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"இவரோட அம்மாவுக்கு ஒரு ஊசி மருந்து ஆகாது. ஜுரம்னு ஆஸ்பத்திரியில சேர்த்தோம். அந்த மருந்தைத்தான் ஏத்த வந்தா. இவர் சொன்னார். அந்த நர்ஸ் யாரோடயோ பேசிண்டே இருந்தா, காதுல வாங்கிக்கலை. இவர் பக்கத்துலயே நிக்கறார். ஏத்திட்டா. அம்மா மூணு நாள் ஐ.சி.யு.ல கிடந்து பொழைச்சு வந்தா. கத்த வேண்டாமா? கையைப் பிடிச்சுத் தடுக்க வேண்டாமா? கேட்டா, சொன்னேனேங்கறார்."

உள்ளே தண்ணீர் ஊற்றுகிற சத்தம் நின்றது. அந்த அம்மா தம்ளரை வாங்கிக்கொண்டு போய்விட்டார். வண்டியில் திரும்பி வரும்போது காவிரிப் பாலத்தில் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தேன். அவர்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் அடுத்த வாரமே அதை மறந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், மறக்கவில்லை. அந்தக் குணம் எனக்கு வசதியாக இருந்தது. முதலாளி ஒன்று கேட்பார், அது சரியில்லை என்று இவர் சொல்வார். அந்த ஒரு வாக்கியத்தைத் தாங்கிக்கொண்டுவிட்டால் போதும், அதற்குப் பிறகு தடை இருக்காது என்று எனக்குத் தெரிந்துபோயிருந்தது. வேறு போட்டோகிராபர்களோடு வேலை செய்தால் வாக்குவாதத்திலேயே அரை நாள் போய்விடும். இவரோடு அரை நிமிஷம்தான்.

அந்த ஹாலைப் படம் எடுக்கப் போனது ஒரு புதன்கிழமை காலையில். சாலை ரோடு பக்கத்தில் ஓர் ஓட்டல். கீழே சாப்பாட்டு இடம், மேலே சாமான் போட்டு வைத்திருந்த மாடியைக் காலி செய்து, ஏ.சி. போட்டு, பார்ட்டி ஹால் ஆக்கியிருந்தார்கள். பிறந்தநாள், காதுகுத்து, நிச்சயதார்த்தம் என்று வாடகைக்கு விட ஓட்டல் முதலாளிக்கு யோசனை. ஏறி வர ஒரே ஒரு படிக்கட்டு. நெருக்கி உட்கார்ந்தால் அறுபது பேர் உட்காரலாம்.

வெள்ளைச் சுவர், வெள்ளை நாற்காலி, வெள்ளை விரிப்பு. என் கண்ணுக்கு ஆஸ்பத்திரி மாதிரி இருந்தது. கீழே போய்ப் பார்த்தேன். ஜிலேபி போடுகிறவர் வேலையில் இருந்தார். கொதிக்கிற எண்ணெயில் ஆரஞ்சு நிறத்தில் சுருள் சுருளாக மிதந்துகொண்டிருந்தன. அடுப்போடு அதை மேலே கொண்டுவந்து மூலையில் வைக்கச் சொன்னது நான்தான். கேட்பவர்கள் கண்ணெதிரே சுடச்சுடப் போட்டுக் கொடுப்பதை இப்போது 'லைவ் கவுண்டர்' என்கிறார்கள், எல்லா விசேஷத்திலும் கேட்கிறார்கள். அது ஒன்று படத்தில் இருந்தால் ஹாலுக்கே களை வந்துவிடும் என்றேன். முதலாளிக்கும் பிடித்துவிட்டது. இரண்டு பேர் சிலிண்டரையும் அடுப்பையும் தூக்கி வந்தார்கள்.

சார் முதலில் ஐம்பதை மாட்டினார். பின்னால் நகர்ந்து நகர்ந்து போனார். முதுகு சுவரில் முட்டிக்கொண்டது. கேமராவில் பார்த்தேன். நாலு மேஜையும் பாதி அடுப்பும்தான் தெரிந்தன.

"இது வேலைக்கு ஆகாது சார். வைடு போடுங்க" என்றேன்.

விளக்கு ஸ்டாண்டு வைப்பதற்காக அவரிடம் எப்போதும் ஓர் இரும்பு டேப் இருக்கும். அதை இழுத்து, அடுப்பு மேடையிலிருந்து முதல் வரிசை நாற்காலிவரை அளந்தார். டேப்பை மடக்கிவிட்டு என்னிடம் வந்தார். முதலாளி ஜன்னல் பக்கம் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், வைடுல எடுத்தா அந்த மூலை ரொம்பத் தள்ளிப் போயிடும். அடுப்புக்கும் நாற்காலிக்கும் நிஜத்துல ஆறடிதான் இருக்கு. படத்துல இருபது அடி மாதிரித் தெரியும். பார்த்துட்டு வரவா நிறைய பேரைக் கூட்டிண்டு வருவா, அடுப்பும் கேட்பா. ஆபத்து."

"படத்துலதானே சார் தள்ளிப் போகுது? ஊருல எல்லா ஹாலும் இப்படித்தான் எடுக்கிறாங்க. அம்பதுல எடுத்துக் கொடுத்தா கோடவுனைப் படம் எடுத்த மாதிரி இருக்கு. அவர் பணம் கொடுப்பாரா?"

அவர் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். இன்னொரு தடவை சொல்லிவிடுவாரோ என்று இருந்தது. சொல்லவில்லை. குனிந்து பையைத் திறந்து பதினாறு எம்.எம். லென்ஸை எடுத்து மாட்டினார்.

படம் அருமையாக வந்தது. நிச்சயமாகச் சொல்வேன், அவர் எடுத்ததிலேயே பார்க்கிறவர்களை இழுக்கிற படம் அதுதான். கல்யாண மண்டபம் மாதிரி ஹால் பின்னால் நீண்டு போனது. தூரத்து மூலையில், தனியாக ஒரு விளக்கு எரிகிற மாதிரி, ஜிலேபிச் சட்டி. மேலே முதலாளி சொன்னபடி 'நூற்றைம்பது பேர் தாராளமாக அமரலாம்' என்று எழுத்து வைத்தேன். 'தாராளமாக' என்பது என் சொல். அவர் வெறுமனே 'நூற்றைம்பது பேர்' என்றுதான் சொன்னார்.

நாலு மாதம் கழித்து அந்த ஹாலில் ஒரு நிச்சயதார்த்தம் நடந்தது. கே.கே. நகர்க் குடும்பம். பெண்ணின் அப்பா வேளாண்மைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இரண்டு பெண்கள். மூத்தவளுக்குத்தான் நிச்சயம். இளையவள் காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். ஹாலைத் தேடிக் கண்டுபிடித்தது அவள்தானாம். போனில் வந்த படத்தை அப்பாவிடம் காட்டி, "இதே மாதிரி மூலையில ஜிலேபி கவுண்டர் வேணும்ப்பா" என்று கேட்டிருக்கிறாள். முதலாளியும் படத்தில் இருந்த அதே இடத்தில் அடுப்பைப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நூற்றுமுப்பது பேர் வந்திருந்தார்கள். நடக்க வழியில்லாமல் நாற்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டதில் ஆறடி இரண்டடியாகிவிட்டது.

தட்டு மாற்றி முடிந்ததும், இரண்டு வீட்டாரையும் ஒரே படத்தில் எடுக்க வேண்டும் என்று இளையவள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்திருக்கிறாள். இன்னும் இரண்டு பேர் விட்டுப்போகிறார்கள் என்று இன்னும் கொஞ்சம் நகர்ந்திருக்கிறாள். பின்னால் இடம் இல்லை, அடுப்புதான் இருந்தது.

பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பன்னிரண்டாம் நாள் பேப்பரில் உள்பக்கத்தில் அவள் இறந்த செய்தி சின்னதாக வந்திருந்தது.

அன்றைக்குக் காலையிலேயே சார் என் ஆபீசுக்கு வந்தார். மடித்த பேப்பர் கையில் இருந்தது. உட்காரவில்லை.

"போலீஸ் ஸ்டேஷன் போயிட்டு வரேன் சார்."

"எதுக்கு?"

"சொல்லிட்டு வரேன்."

நான் கூடப் போகவில்லை. ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டார். அங்கே ஏட்டு ஏதோ டைப் அடித்துக்கொண்டிருந்தாராம். இவர் நின்றபடியே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஏட்டு நிமிர்ந்து பார்த்து, "போட்டோ எடுத்ததுக்கெல்லாம் கேஸ் போட முடியுமாங்க? போயிட்டு வாங்க" என்றிருக்கிறார். இவரும் வந்துவிட்டார்.

"அதான் அவங்களே சொல்லிட்டாங்களே சார்" என்றேன். மார்புக்குள் ஏதோ இளகியது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் எனக்கு வாய் கசக்கும்.

கேஸ் முதலாளி மேலும் ஜிலேபி போட்டவர் மேலும் விழுந்தது. முதலாளி சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டார். ஜிலேபி போட்டவர், தனக்கு ஜாமீன் கையெழுத்துப் போட ஆள் கிடைக்காமல் மாதக்கணக்கில் உள்ளே இருந்தார். படிக்கட்டையும் சிலிண்டரையும் பற்றி எத்தனையோ பேசினார்கள். படத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் ஆபீஸ் கம்ப்யூட்டரில் இருந்த அந்த டிசைனை அன்றைக்கே அழித்துவிட்டேன். ஓட்டலின் ஆன்லைன் பக்கத்தில் அது ரொம்ப நாள் அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு சார் என் போனை எடுக்கவில்லை. ஒரு நாள் அவர் மனைவிதான் பேசினார்.

"நீங்களாவது வந்து பேசுங்கோ. வேலைக்குப் போறதில்லை. சாப்பாட்டைக் கொண்டுபோய் வெச்சா அப்படியே இருக்கு. போனை வெச்சுண்டு அந்த ஒரு படத்தையே பார்த்துண்டிருக்கார். அந்த மூலையைப் பெருசு பண்ணிப் பண்ணிப் பார்க்கறார்."

போனேன். ஒரு மாதத்தில் ஆள் பாதியாகியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"உங்க மேல தப்பு இல்லை சார். நீங்க சொன்னீங்க. நான்தான் கேட்கலை" என்றேன். ஏற்கெனவே ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியம் அது. சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் தலையை ஆட்டினார். "அந்தப் பொண்ணு ஒரு படத்தைப் பார்த்து நம்பித்து சார். நான் உங்ககிட்ட சொன்னது அதுக்குக் கேட்குமா?"

அதை அவர் மறுபடி சொல்லவில்லை.

இப்போது அவர் திருச்சியில் இல்லை. மனைவியின் அண்ணன் இருக்கும் மைசூர்ப் பக்கத்துக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். பள்ளிக்கூடங்களில் ஐ.டி. கார்டுக்குப் பிள்ளைகளைப் படம் எடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். நானும் ஓட்டல் வேலைகளைக் குறைத்துக்கொண்டேன். என் வீடு பொன்மலையில். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவன். ஃபாதர் முன்னால் பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்காலில் நிற்கும்போது, கோபப்பட்டேன், பொய் சொன்னேன் என்று எதையெதையோ சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன்.

அவர் ஊரை விட்டுப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் நடந்ததை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. காலை ஒன்பது மணிக்குப் போன் செய்தார்.

"கே.கே. நகர் வரைக்கும் போகணும். வரேளா சார்?"

எங்கே என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. வண்டி எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கம் போனேன். வெளுத்த வேட்டி, சட்டை. கையில் ஒன்றும் இல்லை. பாலத்தைத் தாண்டி, ஊரைக் கடந்து, கே.கே. நகர் போனோம். வீட்டை அவர் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார். கேட்டுக்கு வெளியே வண்டியை நிறுத்தினேன்.

"நான் இங்கேயே நிக்கிறேன் சார்" என்றேன்.

"சரி" என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். வாசல் கதவு திறந்தே இருந்தது. கம்பிக் கதவு வழியாக முன்னறை தெரிந்தது. சுவரில் அந்தப் பெண்ணின் படம், காய்ந்த மாலை. அப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இவரை யாரென்று தெரியாமல், யாரோ துக்கம் விசாரிக்க வந்தவர் என்று எண்ணி எழுந்து கும்பிட்டார். இவர் உட்காரவில்லை. நின்றபடி சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். எனக்குப் பாதிதான் கேட்டது.

அந்தப் பெரியவருக்கு விளங்கவில்லை. "போட்டோ எடுத்தீங்களா? அதுக்கு என்னங்க?"

வழக்கம்போல அவர் திரும்பி வந்துவிடுவார் என்று நினைத்தேன். வண்டிச் சாவியைக்கூடத் திருகிவிட்டேன்.

அவர் திரும்பவில்லை. மறுபடியும் சொன்னார். இந்தத் தடவை எனக்கு எல்லாம் கேட்டது. "அந்த ஹால் சின்னதுங்க. அடுப்புக்கும் நாற்காலிக்கும் ஆறடிதான். நான் டேப் வெச்சு அளந்தேன். அளந்துட்டு, இருபது அடி மாதிரித் தெரியற லென்ஸைப் போட்டு எடுத்தேன். உங்க பொண்ணு பார்த்தது அதைத்தான்."

பெரியவர் சுவர் ஓரமாகப் போய், பெண்ணின் படத்துக்குக் கீழிருந்து அடிமேல் அடி வைத்து எண்ணிக்கொண்டே வந்தார். ஆறாவது அடியில் நின்று திரும்பிப் பார்த்தார். படம் இரண்டு எட்டில் தொட்டுவிடுகிற தூரத்தில் இருந்தது. அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது.

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் அம்மா வந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும்.

"இதை எதுக்குங்க இப்ப வந்து சொல்றீங்க? தெரியாமலே இருந்திருப்போமே. அவதான் தேடிப் பிடிச்சா, அவ விதின்னு இருந்தோமே."

"எடுத்தது நான்ம்மா."

"உங்களுக்கே தெரியுதில்ல? தெரிஞ்சுக்கிட்டே ஏன் எடுத்தீங்க? யாரு எடுக்கச் சொன்னா?"

என் கை வண்டியின் ஹேண்டில்பாரில் இருந்தது. இரும்புக் கேட்டுக்கும் அந்த அறைக்கும் நடுவில் இரண்டு பூந்தொட்டிகள்தான். அவர் திரும்பி ஒரு பார்வை பார்த்தாலே போதும்.

"எடுத்தது நான்தான்ம்மா" என்றார். அந்த அம்மா மறுபடி கேட்டார். அவரும் மறுபடி அதையே சொன்னார்.

அந்த அம்மா தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். இவர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாசலுக்கு வந்தார். பெரியவரும் கூடவே வந்தார். வந்தவர் யாராக இருந்தாலும் வாசல்வரை வந்து அனுப்புகிற பழக்கம்போல. கண்ணைத் துடைத்தபடி கேட்டைத் திறந்துவிட்டார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு தம்பி? வெயில்ல நிக்கிறீங்களே, உள்ள வந்திருக்கலாமே?"

நான் வண்டியை ஸ்டாண்டிலிருந்து எடுத்தேன்.

"நான் சும்மா இவரோட கூட வந்தேங்க" என்றேன்.

சார் பக்கத்திலேயே செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்திருக்கும். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. வந்து வண்டியில் பின்னால் உட்கார்ந்தார்.